யூட்டா 12ஆம் எண் சாலை: வயதான அப்பா அம்மாவோடு போகலாமா?

திண்டுக்கல்_பூட்டு:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது ஃபீனிக்ஸ். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் யூட்டா மாநிலத்தில் பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு கேபிடல் ரீஃப் தேசியப் பூங்காவுக்குப் போகிற திட்டம். கூட மனைவியும் எட்டு வயதுப் பையனும்.

பிரைஸிலிருந்து கேபிடல் ரீஃபுக்கு கூகுள் இரண்டு வழி காட்டுகிறது. ஒன்று வடக்கே ஆண்டிமனி என்ற ஊர் வழியாக. இன்னொன்று எஸ்கலாண்டே, போல்டர் வழியாகப் போகும் 12ஆம் எண் சாலை. நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆபீஸில் ஒருவர், "12இல் ஒரு இடத்தில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பாதாளம், தடுப்பே கிடையாது, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதே" என்று பயமுறுத்திவிட்டார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, அரை மைலுக்கு மேல் நடக்க முடியாது. அப்பா பிரச்சினை வேறு மாதிரி. அவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். கிராண்ட் கேன்யனில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "பள்ளம் நல்லாத்தான் இருக்கு. மனுசன் இருந்து வாழ்ந்த இடம் எதையாவது காட்டேன்" என்றார். இந்த நாட்டில் இருநூறு வருசத்துக்கு முந்தியது ஒன்றும் இருக்காது என்பது அவர் முடிவு.

அந்தப் பக்கம் போனவர்கள் சொல்லுங்கள். எந்த வழி? 12 என்றால் எங்கெங்கே நிற்கலாம்? ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது. மண் ரோட்டில் போக மாட்டோம், வாடகைக் கார்.

நெடுஞ்சாலை_நாடோடி:

பேசாமல் ஆண்டிமனி வழியில் போய்விடுங்கள். சமவெளி, வண்டி அதிகம் வராது, வளைவு குறைவு. பிரைஸிலும் கேபிடல் ரீஃபிலும் பார்ப்பதற்குத்தான் இவ்வளவு இருக்கிறதே, நடுவில் எதற்கு மலை ஏறி இறங்கி வாந்தி எடுக்க வேண்டும்? உங்கள் ஆபீஸ்காரர் சொன்ன இடம் ஹாக்பேக். தடுப்பு இல்லை என்பது உண்மைதான். எனக்கே கை வேர்த்தது. 12இல் போனால் காரில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பி "ஐயோ"ன்னு கத்துவார்கள், ஓட்டுகிறவர் மட்டும் எதையும் பார்க்க முடியாது.

கம்பம்_வாய்க்கால்:

ஹாக்பேக் பற்றி நாடோடி சொன்னது சரி. ஆண்டிமனி பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியாது. தம்பி, உங்கள் அப்பா கேட்டதற்கு அந்தப் பகுதியில் பதில் இருப்பதே 12இல்தான். ரெண்டு பார்க்குக்கு நடுவே உள்ள இணைப்புச் சாலை என்று நினைத்து எல்லோரும் இதை மூன்று மணி நேரத்தில் ஓட்டித் தாண்டிவிடுகிறார்கள். பார்க்குகளைவிட எனக்கு இந்த ரோடுதான் பிடிக்கும். பாங்விச் என்ற ஊருக்குத் தெற்கே 89ஆம் எண் சாலையில் பிரிந்து, கேபிடல் ரீஃபுக்குப் பக்கத்து ஊரான டாரியில் முடியும். மொத்தம் 120 மைலுக்குக் கொஞ்சம் கூட. பெரும்பகுதி கார்ஃபீல்ட் கவுண்டி. ஒரு டிராஃபிக் சிக்னலுக்குக்கூட வேலை இல்லாத பூமி.

நான் கம்பத்துக்காரன். மேற்கே ஓடிக் கடலில் விழ இருந்த பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி எங்கள் வயலுக்குக் கொண்டுவந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன். அதனால் பிரைஸுக்கு யார் போகிறேன் என்றாலும் நான் முதலில் சொல்வது மாஸி கேவ். பார்க்கின் பெரிய நுழைவாயிலுக்கு உள்ளே அது கிடையாது. பார்க்குக்குள் போகும் 63ஆம் எண் சாலை பிரியும் இடத்தைத் தாண்டி 12இல் கிழக்கே சுமார் 4 மைல் போனால் ரோட்டோரத்திலேயே சின்ன பார்க்கிங். அங்கே சிவப்புப் பாறைகளுக்கு நடுவே ஓர் ஓடையும் சின்ன அருவியும் இருக்கும். இயற்கை அருவி என்று நினைத்து எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது வாய்க்கால் தண்ணீர்!

கீழே டிராபிக் என்ற ஊரில் குடியேறிய மார்மன் (யூட்டாவில் பெரும்பான்மையான ஒரு கிறிஸ்தவ மதப் பிரிவு) விவசாயிகளுக்குப் பயிருக்குத் தண்ணீர் போதவில்லை. மேலே பீடபூமியில் செவியர் ஆற்றின் கிழக்குக் கிளை ஓடுகிறது. அந்த ஆறு கடலுக்கே போகாது, மேற்கே ஒரு வறண்ட ஏரியில் போய் முடிந்துவிடும். 1890இல் தொடங்கி 1892 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு 10 மைலுக்கு வாய்க்கால் வெட்டி, அந்தத் தண்ணீரைப் பீடபூமி விளிம்பு தாண்டி இந்தப் பக்கம் இறக்கினார்கள். இந்தப் பக்கம் இறங்கிய தண்ணீர் பரியா ஆறு, கொலராடோ என்று போகும் வடிநிலத்தைச் சேர்ந்தது. பெரியாறு அணை திறந்தது 1895இல். கிட்டத்தட்ட அதே நேரத்தில் பூமியின் இன்னொரு பக்கத்தில் அதே காரியம், ஆனால் அரசாங்கப் பணமோ பென்னிகுவிக்கோ இல்லாமல். 2002 வறட்சியைத் தவிர இன்றுவரை பாசனத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள், அப்புறம் அவர் அந்த ஓடையைப் பார்க்கிற பார்வையே மாறும். போக வர ஒரு மைலுக்கும் குறைவு. அம்மா முதல் மரப்பாலம் வரை வந்தால் போதும்.

டிராபிக் தாண்டி கேனன்வில். அங்கிருந்து தெற்கே 9 மைல் நல்ல தார் ரோட்டில் கோடாக்ரோம் பேசின். நட்டு வைத்த தூண் மாதிரி மணற்பாறைகள். 1940களின் கடைசியில் வந்த நேஷனல் ஜியாகிரபிக் குழு கலர் ஃபிலிம் பெயரையே அந்த இடத்துக்கு வைத்துவிட்டது. நேரம் இருந்தால் போங்கள். ஒரு பகல்தான் என்றால் நான் விட்டுவிடுவேன்.

ஹென்ரிவில் தாண்டி ரோடு ஏறும்போது நிறமே மாறும். சிவப்பு போய்ச் சாம்பல் கலந்த நீலத்தில் மண்மேடுகள். தி ப்ளூஸ் என்று பலகை இருக்கும். உங்கள் பையனை இறக்கிக் காட்டுங்கள். அந்தச் சாம்பல் அடுக்குகளில் டைனோசர் எலும்புகள் ஏராளம். கோஸ்மோசெராடாப்ஸ் என்று தலையில் 15 கொம்பு வைத்த ஒன்று இந்த வட்டாரத்தில் கிடைத்ததுதான். 2010இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். பின்னால் இளஞ்சிவப்பில் நிற்பது பவல் பாயிண்ட், பத்தாயிரம் அடிக்கு மேல்.

அடுத்தது எஸ்கலாண்டே. 1776இல் இந்த நாட்டுப் பக்கம் சுற்றிய ஸ்பானியப் பாதிரியார் ஒருவரின் பெயர். அந்த மனிதர் இந்த ஊர் வழியாக வந்ததே இல்லை என்பது தனி வேடிக்கை. முதலில் இதற்கு உருளைக்கிழங்குப் பள்ளத்தாக்கு என்றுதான் பெயர், காட்டு உருளைக்கிழங்கு விளைந்து கிடந்ததால். அண்மையில் ஊர்ப் பக்கத்திலுள்ள ஒரு பாறைக் குடிலில் கிடைத்த அரைக்கும் கல்லில் அந்தக் கிழங்கின் மாவுத் துகள்களைக் கண்டுபிடித்தார்கள். வயது 10,000 ஆண்டுக்கு மேல். இருநூறு வருசக் கணக்கை உங்கள் அப்பா இங்கேயே கைவிட வேண்டியதுதான்.

எஸ்கலாண்டேயில் இன்னொரு கதையும் உண்டு. 1879 குளிர்காலத்தில் சுமார் 250 மார்மன்கள், 80க்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள், குதிரை வண்டிகளோடு தென்கிழக்கே புது ஊர் அமைக்கக் கிளம்பினார்கள். ஆறு வாரத்தில் போய்விடலாம் என்று கணக்கு. கொலராடோ ஆற்றுக்கு மேலே செங்குத்துப் பாறை குறுக்கே நின்றது. திரும்பிப் போகவும் வழியில்லை, மலையில் பனி. பாறையிலிருந்த ஒரு இடுக்கை வெடி வைத்து அகலப்படுத்தி, 1880 ஜனவரியில் வண்டிகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். வழியிலேயே குழந்தைகள் பிறந்தன. பயணம் முடிய ஆறு மாதம் ஆனது. அந்த இடத்துக்குப் பெயரே ஹோல் இன் தி ராக். அங்கே போகிற ரோடு 50 மைலுக்கு மேல் மண் ரோடு, கடைசிப் பகுதி சாதாரணக் காருக்கு ஆகாது, நீங்கள் திரும்பவே வேண்டாம். ஊரில் இதற்கென்று ஒரு நினைவு மையம் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தால் போதும்.

ஊரைத் தாண்டிச் சில மைலில் ஹெட் ஆஃப் தி ராக்ஸ் வியூ பாயிண்ட். மரம் மட்டை இல்லாமல் வெள்ளைப் பாறையாகவே விரிந்து கிடக்கும். அதன் நடுவில் நீங்கள் போகப்போகும் ரோடு கறுப்புக் கோடாகத் தெரியும். அங்கே அம்மா காரை விட்டுக்கூட இறங்க வேண்டாம். இந்த நிலத்தைப் பார்த்தால்தான் எஸ்கலாண்டே ஆறு 1872 வரை வரைபடத்திலேயே ஏறாமல் இருந்தது ஏன் என்று புரியும்.

கீழே இறங்கி ஆற்றைத் தாண்டினால் கால்ஃப் கிரீக். 126 அடி அருவி, ஆனால் மணலில் போக வர 6 மைல் நடை. உங்கள் குழுவுக்கு இல்லை. அதற்கப்புறம் ஏறுவதுதான் ஹாக்பேக். பாறை முதுகின் மேலேயே ரோடு போகும். இரண்டு பக்கமும் இறக்கம், தடுப்பு கிடையாது, அதெல்லாம் உண்மை. ஆனால் நல்ல இருவழித் தார் ரோடு. மெதுவாகப் போனால் பயமில்லை. குமுளி மலைப் பாதையில் பஸ்ஸில் போயிருக்கிற ஆளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அந்த ஏற்றம் முடிகிற இடத்தில் போல்டர். இந்த ஊரைப் பற்றித்தான் உங்கள் அப்பாவிடம் நிறையப் பேச வேண்டும். 1930களின் கடைசி வரை இந்த ஊருக்குத் தபால் வந்தது கோவேறு கழுதை மேல். அமெரிக்காவின் பிரதான நிலத்தில் கடைசியாக அப்படித் தபால் வாங்கிய ஊர் இதுதான். ரோடு போட்டதும் ஒரு கதை. பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் பையன்கள் 1933இல் மலைமேலே ஹெல்ஸ் பேக்போன் என்ற பாதையைப் போட்டார்கள். அது குளிர்காலத்தில் பனியில் மூடிவிடும். அப்புறம் அதே அமைப்பின் ஆட்கள் கீழே பாறையை வெட்டி, 1940 வாக்கில் வருடம் முழுக்க வண்டி போகிற வழி பண்ணினார்கள். நீங்கள் ஹாக்பேக்கில் ஓட்டப்போவது அவர்கள் கண்டுபிடித்த தடத்தில்தான். போல்டருக்கு வடக்கே மலை தாண்டும் பகுதிக்குத் தார் வந்தது 1985இல்!

போல்டரில் அனசாசி அருங்காட்சியகம் கட்டாயம். ரோட்டு மேலேயே இருக்கிறது, சின்னது, படி ஏற வேண்டாம். பின்னால் ஒரு பழைய கிராமத்தின் அடித்தளங்கள் அப்படியே இருக்கின்றன. புயெப்லோ என்ற பூர்வகுடி மக்களின் முன்னோர்கள் 12ஆம் நூற்றாண்டில் இங்கே மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்து, அடுத்த நூற்றாண்டின் முதல் பாதியில் போய்விட்டார்கள். 1958-59இல் யூட்டா பல்கலைக்கழகம் தோண்டியது. அப்பாவுக்கு ஒரே ஒரு தகவல் போதும்: தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் கோவில் எழுப்பிய அதே நூற்றாண்டு. நூறு பேச்சுக்குச் சமம்.

திண்டுக்கல்_பூட்டு:

அண்ணா, மிக்க நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "தாராசுரம் சரி, ஆனா அவங்க ஏன் ஊரை விட்டுப் போனாங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். 12ஆம் எண் சாலை என்று முடிவு செய்துவிட்டோம்.

இரண்டு சந்தேகம். ஒன்று, மலை உயரம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா? லேசாக பி.பி. உண்டு. இரண்டு, சாப்பாடு. அப்பா அம்மா சுத்த சைவம், முட்டைகூட இல்லை.

கம்பம்_வாய்க்கால்:

உயரம் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பிரைஸ் விளிம்பே 8,000 அடிக்கு மேல், ஊட்டியைவிட உயரம். போல்டருக்கு அப்புறம் ரோடு போல்டர் மலை மேல் 9,600 அடி வரை ஏறும். தென்னிந்தியாவின் உச்சி ஆனைமுடியே 8,842 அடிதான். காரில் உட்கார்ந்தபடி ஏறி இறங்குவதால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும் பி.பி. இருப்பதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தண்ணீர் அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள். மேலே போய் வேகமாக நடக்க வேண்டாம்.

அந்த மலையைப் பற்றி முந்தைய பதிவில் எழுத விட்டுப்போனது: நீங்கள் போகிற நேரம் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிற நேரம். வழியில் கிழக்கே பார்க்க வியூ பாயிண்ட்கள் உண்டு. அங்கிருந்து கேபிடல் ரீஃபின் பாறை மடிப்பு நூறு மைல் நீளத்துக்குப் பூமி மடங்கிய மாதிரி கிடக்கும். அதற்குப் பின்னால் ஹென்ரி மலைகள். அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த 48 மாநிலங்களில் வரைபடத்தில் கடைசியாக ஏறிய மலைத்தொடர் அதுதான். சாயங்காலம் மலையில் மானும் மாடும் ரோட்டில் நிற்கும். வேலி இல்லாத மேய்ச்சல் நிலம், இருட்டுவதற்குள் டாரி இறங்கிவிடுங்கள். எஸ்கலாண்டேக்கும் போல்டருக்கும் நடுவே செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கொள்ளுங்கள், எஸ்கலாண்டேயில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்பா கேள்விக்கு: வறட்சியா, சண்டையா என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் நிற்கிற ரேஞ்சரிடம் கேட்கச் சொல்லுங்கள். வாத்தியார் கேட்டால் அவர்களும் உற்சாகமாகப் பேசுவார்கள்.

இன்னொன்று. ஊர்க்காரர்களிடம் கிராண்ட் ஸ்டேர்கேஸ் தேசிய நினைவிடம் (பெயர்தான் நினைவிடம், உண்மையில் இந்த வட்டாரத்தில் அரசு பாதுகாக்கும் பெரிய நிலப்பரப்பு) நல்லதா கெட்டதா என்று பேச்செடுக்க வேண்டாம். 1996இல் கிளிண்டன் பக்கத்து மாநிலமான அரிசோனாவில் நின்றுகொண்டு அதை அறிவித்தார். 2017இல் டிரம்ப் கிட்டத்தட்டப் பாதியாக வெட்டினார். 2021இல் பைடன் திரும்பச் சேர்த்தார். காபி குடிக்கப் போன இடத்தில் ஒரு மணி நேரம் போய்விடும்.

மஞ்சப்பை_மீனா:

சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன் அண்ணா. என் மாமியாரும் முட்டை சாப்பிட மாட்டார். அந்த வழியில் நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்கவே கிடைக்காது. எஸ்கலாண்டேயில் பீட்சா, பீன்ஸ் புரிட்டோ மாதிரி ஏதாவது கிடைக்கும், வெந்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு போடுவார்களா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் வழி எளிது. காலையில் ரூமிலேயே சின்ன குக்கரில் சாதம் வைத்துத் தயிர் கலந்து கூலரில் வைத்துவிடுவேன். மலை உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அரிசி வேக நேரமாகும். அரை மணி முன்னாலேயே ஊறப் போடுங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு. போல்டர் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கிழமையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இவை மார்மன் ஊர்கள், ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை பூட்டியிருக்கும். ஞாயிறு வருகிற மாதிரி இருந்தால் மளிகை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

அம்மாவுக்குப் பிரைஸில் சன்ரைஸ் பாயிண்ட்டிலிருந்து சன்செட் பாயிண்ட் வரை விளிம்போரம் தார் போட்ட பாதை. அரை மைல், ஏறக்குறைய சமதளம், சக்கர நாற்காலியே போகும். கீழே இறங்கவே வேண்டாம், அழகு முழுக்க மேலிருந்துதான். பாத்ரூம் கவலையும் வேண்டாம். எஸ்கலாண்டே விசிட்டர் சென்டர், கால்ஃப் கிரீக், போல்டர் அருங்காட்சியகம் மூன்றிலும் இருக்கிறது.

யாரும் சொல்லாதது ஒன்று: டாரியில் நிற்காமல் கிழக்கே பதினோரு மைல் போய் ஃப்ரூட்டாவைப் பாருங்கள். கேபிடல் ரீஃப் பார்க்குக்கு உள்ளேயே இருந்த மார்மன் கிராமம் அது. எந்தக் காலத்திலும் பத்துக் குடும்பத்துக்கு மேல் இருந்ததில்லை. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஆப்பிள், பீச், செர்ரி என்று தோட்டம் போட்டார்கள். ஊர் காலியாகிவிட்டது, மரங்களை இப்போது பார்க் நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது. செப்டம்பர் கடைசியில் ஆப்பிள் இருக்கும். பறிக்கலாம் என்று பலகை வைத்த தோட்டத்துக்குள் போய் அங்கேயே சாப்பிடுவதற்குக் காசு இல்லை. வெளியே எடுத்துப் போவதை நாமே எடை போட்டுப் பெட்டியில் காசு போட வேண்டும். பையன் அங்கிருந்து வர மாட்டான்.

அதே ரோட்டில் 1896இல் கட்டிய ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெஞ்சு, கரும்பலகை எல்லாம் அப்படியே. உங்கள் அப்பா ஆசிரியர் என்பதால் சொல்கிறேன், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குக் கொஞ்சம் கிழக்கே மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கே ஃப்ரிமாண்ட் என்ற பழங்காலப் பூர்வகுடி மக்கள் பாறையில் செதுக்கிய உருவங்கள். அகன்ற தோள், தலையில் கொம்பு மாதிரி அணி, கூடவே மலை ஆடுகள். அம்மாவும் தாராளமாக வரலாம். வெயில் பாறை மேல் நேராக அடிக்கும்போது கோடுகள் தெரியாது, பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.

பிரைஸிலிருந்து காலை எட்டுக்குள் கிளம்பினால் இதெல்லாம் நிதானமாக முடியும். மாஸி கேவில் முக்கால் மணி, எஸ்கலாண்டேயில் ஒன்றரை மணி, போல்டரில் மதியச் சாப்பாடு, மூன்று மணிக்குள் மலை ஏறிவிட்டால் ஃப்ரூட்டாவில் வெளிச்சம் இருக்கும்போதே இருக்கலாம். நேரம் தட்டினால் பள்ளிக்கூடத்தையும் செதுக்கல்களையும் மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள், ஆப்பிளை மட்டும் அன்றே பறித்துவிடுங்கள். தோட்டத்தை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று பார்க்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.